எண்ணெயில் குழைத்த பொட்டு

பாலக்கோட்டிலிருந்து மேற்கே போகும் டவுன் பஸ்ஸில் ஏறி மாதன்கொட்டாய்க்கு ஒரு டிக்கெட் என்று கேட்டால், கண்டக்டர் "சோலார் கேட்டா?" என்று திருப்பிக் கேட்பார். ஊரின் பெயரைக் கம்பெனியின் இரும்புக் கேட் தின்று ஏழு வருடமாகிறது. வெயிலைத் தவிர வேறு எதையும் தாராளமாகப் பார்த்திராத ஊர் அது. அந்த வெயிலையும் கம்பிவேலி போட்டு வளைத்துக்கொண்டார்கள். வேலிக்குள் அறுபது ஏக்கரில் கண்ணாடிப் பலகைகள் வரிசை வரிசையாகத் தெற்கே பார்த்துச் சாய்ந்து நிற்கின்றன. ஊர்க்காரர்கள் அவற்றைப் பேனல் என்கிறார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

அந்த அறுபதில் இரண்டரை ஏக்கர் சுமலதாவினுடையது. 'இருந்தது' என்று சொல்வதுதான் சட்டப்படி சரி. ஆனால் அவள் இன்றைக்கும் 'எங்க காடு' என்றுதான் சொல்கிறாள். மழையை நம்பிய மேட்டு நிலத்தை அந்தப் பக்கம் காடு என்பார்கள். நிலக்கடலை, கொள்ளு, வானம் மனசு வைத்தால் ராகி. வானம் மனசு வைத்தது பத்து வருடத்தில் மூன்று தடவை. அதனால் நிலம் கேட்டு ஏஜெண்ட் வந்தபோது அவள் புருஷன் முத்துராஜுக்கு மறுக்கக் காரணம் ஒன்றும் இருக்கவில்லை.

கிரயத்தில் ஒரு குறையும் இல்லை. குறை வேறு இடத்தில் இருந்தது. ஏஜெண்ட் இவர்கள் வீட்டு டீயைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைக்கும்போது சொன்னான்: "நெலம் குடுக்குற ஒவ்வொரு வூட்டுக்கும் ஒரு ஆளுக்குக் கம்பெனி வேலைங்க. பர்மனெண்ட். போட்டோ வெச்ச ஐடி கார்டு, பி.எஃப்., எல்லாம் உண்டு."

பத்திரத்தில் நான்கு எல்லைகளும் இருந்தன. தூர்ந்துபோன கிணறு இருந்தது. இரண்டு புங்கமரங்கள்கூட எண்ணி எழுதப்பட்டிருந்தன. இந்த ஒரு வரி மட்டும் இல்லை. ரிஜிஸ்டர் ஆபீஸிலிருந்து திரும்பும்போது சுமலதா கேட்டாள்: "அந்த வேலை சமாச்சாரம் எழுதியிருக்குதாங்க?"

"அவ்ளோ பெரிய மனுசன் வாயத் தொறந்து சொல்லியிருக்கான். எழுதித்தான் ஆகோணுமா?" என்றான் முத்துராஜ்.

வேலை கிடைத்தது. இல்லை என்று பொய் சொல்லக் கூடாது. ஆனால் அது கம்பெனி வேலை இல்லை, கம்பெனிக்குள் ஒரு வேலை. பேனல் கழுவுகிற பன்னிரண்டு பெண்களில் அவளும் ஒருத்தி. கூலி கொடுப்பவர் தருமபுரியில் இருக்கிற ஒரு காண்ட்ராக்டர். அவர் முகத்தை இந்தப் பெண்கள் பார்த்ததில்லை. அவருடைய சூப்பர்வைசர் சின்னராஜ்தான் வருவான், நோட்டில் பெயருக்கு நேரே டிக் போடுவான். கம்பெனி ஆட்கள் கழுத்தில் நீல நாடாவில் கார்டு தொங்கும். கேட்டில் அதைக் காட்டிவிட்டு நிமிர்ந்து உள்ளே போவார்கள். இந்தப் பன்னிரண்டு பேரையும் வாட்ச்மேன் ஆடு எண்ணுவது போலத் தலை எண்ணி உள்ளே விடுவார். முதல் நாள் அப்படி எண்ணப்பட்டபோது, இன்னும் ஒரு மாசத்தில் கார்டு வந்துவிடும் என்று சுமலதா நினைத்தாள். ஆறு வருடம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தாள்.

கழுவுவது சும்மா இல்லை. விடிகாலை ஐந்து மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். வெயில் ஏறிய கண்ணாடியில் பச்சைத் தண்ணீர் பட்டால் கண்ணாடி விரிசல் விட்டுப்போகும். நீளக் கழியில் மாட்டிய மெத்துப் பிரஷ், பின்னால் ரப்பர் வைப்பர், டிராக்டர் டேங்கரிலிருந்து இழுத்த ஓஸ். பேனலில் படிந்த தூசியைப் பார்த்தே நேற்று காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று சுமலதா சொல்லிவிடுவாள். செம்மண் என்றால் தக்காளி லாரி போகிற ரோட்டிலிருந்து. வெள்ளை மாவு என்றால் கல்லுடைக்கிற கிரஷரிலிருந்து. மைனா எச்சத்தை மட்டும் நகம் படாமல், ஊற வைத்து எடுக்க வேண்டும். இவ்வளவும் அவளாகக் கற்றது. இதற்குச் சர்டிபிகேட் எதுவும் கிடையாது.

சைட் இஞ்சினியர் ஜோசப் ராஜ் நல்ல பையன். அதியமான்கோட்டைப் பக்கம் விவசாயக் குடும்பத்துக் கிறிஸ்தவப் பிள்ளை, இருபத்தாறு வயது. கழுவி முடித்து அந்தப் பெண்கள் பம்பு ரூம் நிழலில் சோற்றுப் போசியைத் திறக்கும்போது அவனும் வந்து உட்காருவான். செல்போனில் உலகத்தைக் காட்டுவான். எங்கோ ஏரியில் தாமரை போல மிதக்கிற பேனல்கள். சூரியகாந்திப் பூவில் விதை அடுக்கியிருக்கிற கணக்கைப் பார்த்து, அதே கணக்கில் கண்ணாடிகளை நிறுத்திப் பார்க்கிற விஞ்ஞானிகள். கறுப்புச் சிறகும் சிவப்பு உடம்புமாக நம் எருக்கஞ்செடிப் பக்கம் பறக்கிற பட்டாம்பூச்சியை ஜெர்மனிக்காரன் பூதக்கண்ணாடியில் பார்த்து, அந்தச் சிறகில் இருக்கிற பொடிப்பொடி ஓட்டைகள் வெயிலை எப்படி உறிஞ்சுகின்றன என்று படித்துக்கொண்டிருக்கிறான் என்றும் சொன்னான்.

"நம்மூரு பட்டாம்பூச்சியையா?" என்று சுமலதா வாயைப் பிளந்தாள். அவளுக்கு அதெல்லாம் மெய்யாகவே பிடித்திருந்தது. பத்தாவது வரை படித்தவள். அறிவியலில் நல்ல மார்க்கு வாங்கினவள்.

ஒரு நாள் அவன் ஒரு பாலைவனத்தைக் காட்டினான். கண்ணுக்கெட்டிய வரை பேனல். ஆள் ஒருவர்கூட இல்லை. பிரஷ் கட்டிய யந்திரம் ஒன்று பேனல் மேலேயே ஊர்ந்துபோய்த் தண்ணீர் இல்லாமல் துடைத்துக்கொண்டிருந்தது.

"அங்க முன்ன கழுவிக்கிட்டிருந்த பொம்பளைங்க இப்ப என்னா பண்றாங்க சார்?" என்று கேட்டாள் சுமலதா.

ஜோசப் ராஜ் யோசித்தான். "அது இந்த வீடியோவுல இல்லீங்க்கா" என்றான்.

போன வருடம் ஆகஸ்டில், அவள் கேட்ட கேள்வி நேரே அவள் காட்டுக்கே வந்து நின்றது. பெங்களூரிலிருந்து ஒரு சின்னக் கம்பெனியின் ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவி ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். தலையில் தொப்பி, காலில் பூட்ஸ். பார்க்கவே மரியாதை வரும்படி இருந்தாள். அவர்கள் சி பிளாக்கில் மூன்று வரிசைகளில், தொண்ணூற்றாறு பேனல்கள் மேல், கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சைப் பூசினார்கள். அந்த மூன்று வரிசையும் நின்றது சுமலதாவின் இரண்டரை ஏக்கருக்குள். அது தற்செயல்தான். அவளைக் கேட்டு யாரும் இடம் பொறுக்கவில்லை.

"தாமரை எல மேல தண்ணி ஒட்டாது பாருங்க்கா, சேப்பங்கெழங்கு எலயும் அப்படித்தான். எல மேல நம்ம கண்ணுக்குத் தெரியாத மேடு மேடா இருக்குது, அது மேல மெழுகு. தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடும், ஓடும்போது தூசியையும் வாரிக்கிட்டுப் போயிடும். அதையேதான் கண்ணாடியில பண்ணியிருக்காங்க" என்றான் ஜோசப் ராஜ். "இனிமே கழுவவே வேணாம். மழையே கழுவிடும். மழை இல்லாத நாள்ல பனியே போதும்."

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் சுமலதா பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடும் இடத்தில் வளர்ந்திருந்த சேப்பங்கிழங்கு இலையில் ஒரு கை மண்ணைப் போட்டு, சொம்பில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள். தண்ணீர் உருண்டது. மண்ணும் கூடவே போயிற்று. இலை துடைத்துவிட்டாற்போல் இருந்தது. அவள் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஆறு வருடமாகப் பன்னிரண்டு பேர் இடுப்பொடியச் செய்த வேலையை, எச்சில் தண்ணீரில் வளர்ந்த இந்தச் செடி சும்மா இருந்தபடியே செய்கிறது. அவளுக்கு அந்த இலை மேல் கோபம் வந்தது. கோபப்பட்டு என்ன செய்ய, பிடுங்கிப் போட்டாலும் அது மறுபடி முளைக்கும்.

ஆனால் கதை அத்தோடு நிற்கவில்லை. சோலார் கம்பெனி மானேஜர் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னார். சோதனை நவம்பர் வரை. அதுவரை அந்த மூன்று வரிசைகளை யாரும் தொடக் கூடாது, கழுவக் கூடாது. பூச்சு ஜெயித்துவிட்டால் மொத்த இடத்துக்கும் பூசுவார்கள், கழுவுகிற வேலை நின்றுபோகும். பன்னிரண்டு பேரில் நான்கு பேரை மட்டும் கம்பெனியே நேரடியாக எடுத்துக்கொள்ளும். புல் வெட்ட, சுற்றிப் பார்க்க, பழுது சொல்ல. நிரந்தர வேலை. கார்டு உண்டு.

"மொத பேரு உங்களுதுதாங்க்கா" என்றான் ஜோசப் ராஜ் தனியாக. "நெலம் குடுத்த குடும்பம்னு சேர்த்தே எழுதியிருக்கேன்."

அன்றிலிருந்து அந்தத் தொண்ணூற்றாறு பேனல்களும் ஜெயிக்க வேண்டும் என்று இந்த உலகத்தில் மனசார வேண்டிக்கொண்ட ஆள் சுமலதாதான். பெங்களூர்க்காரிகூட அந்த அளவுக்கு வேண்டியிருக்க மாட்டாள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் யாரும் இதைச் சொல்லப்போவதில்லை.

மற்ற பெண்களுக்கு அப்படி இல்லை. எட்டுப் பேருக்குப் பிழைப்பு போகப்போகிறது. அவர்களில் மூத்தவள் சின்னக்கா. ஐம்பதைத் தாண்டியவள், சுமலதாவின் வீட்டுக்கு மூன்றாவது வீடு. தன் பெயர் நாலில் வராது என்று அவளுக்கு நிச்சயம். ஒரு காலையில் கழுவிக்கொண்டிருக்கும்போது அவள் சி பிளாக்கைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள்.

"ஒரு கூடை மண்ண வாரி அது மூஞ்சியில எறிஞ்சா ஆச்சு. அழுக்கே ஆவாதாமில்ல? பாத்துடலாம்."

குனிந்து ஒரு கை சேற்றை அள்ளியும் விட்டாள். சுமலதா ஓடிப்போய் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க்கா. பாவம் அது. சொன்ன எடத்துல நிக்குது, அது நம்மள என்னா பண்ணுச்சு?"

"உனுக்கு கார்டு வருது, நீ பேசுவ" என்றாள் சின்னக்கா. ஆனாலும் சேற்றை உதறிவிட்டாள்.

ஆயுத பூஜை வந்தது. அந்தப் பக்கத்தில் ஆயுத பூஜை என்றால் தறியிலிருந்து தக்காளி லாரி வரைக்கும் பொட்டில்லாமல் ஒரு இரும்பு மிஞ்சாது. இந்தப் பெண்களும் வருடம் தவறாமல் செய்வார்கள். கேட்டில் வாழைக்கன்று கட்டி, டேங்கர், பம்பு, ஓஸ், பிரஷ் எல்லாவற்றுக்கும் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்து, பொரி கடலை படைத்து, பூசணிக்காய் உடைப்பார்கள். ஒவ்வொரு பேனலுக்கும் ஒரு பொட்டு உண்டு. மறுநாள் விடிகாலை அவர்களே கழுவிவிடுவார்கள், அதனால் யாருக்கும் அது ஒரு பொருட்டாக இருந்ததில்லை.

போன வருடம் ஜோசப் ராஜ் அன்றைக்கு இல்லை. ஏதோ பயிற்சிக்காகப் பத்து நாள் சென்னை போயிருந்தான். எல்லா வரிசைக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்தவர்கள் சி பிளாக் வந்ததும் நின்றார்கள்.

"இதுங்களுக்கு எதுக்குடி? நம்ம சோத்துல மண்ணப் போட வந்ததுங்க" என்றாள் சின்னக்கா. "தொடவும் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"கழுவக் கூடாதுன்னுதான் சொன்னாங்க. வருசத்துக்கு ஒரு நாளு. எல்லாத்துக்கும் வெச்சிட்டு இத மட்டும் வெறும் நெத்தியா வுடறதா? எங்க காட்டுல நிக்குது, நான் வெக்கிறேன்" என்றாள் சுமலதா.

மோதிர விரலில் சந்தனத்தைத் தொட்டு முதல் பேனலில் வைத்தாள். அது நிற்கவில்லை. ஈரச் சந்தனம் உருண்டையாகத் திரண்டு, கண்ணாடியின் சரிவில் இறங்கி, தரையில் விழுந்தது. குங்குமத்தைத் தண்ணீரில் தோய்த்து வைத்தாள். அதுவும் உருண்டு போயிற்று. மூன்றாவது பேனல், நான்காவது பேனல், எல்லாம் அப்படியே.

"பொட்டு நிக்கலியேடி" என்றாள் சின்னக்கா. அவள் குரலில் இப்போது கோபம் இல்லை, பயம் இருந்தது. "ஆவாது இது. நல்லதுக்கில்ல."

சுமலதா ஐந்தாவது பேனலிலும் வைத்துப் பார்த்தாள், அதுவும் நிற்கவில்லை. தண்ணீர் ஒட்டாத கண்ணாடியில் தண்ணீரில் குழைத்தது ஒட்டாது என்று அறிவியலில் நல்ல மார்க்கு வாங்கினவளுக்குத் தெரியாதா என்றால், தெரியும். தெரிந்தும் பயம் போகவில்லை. ஆறு வருடம் காத்திருந்த கார்டு இந்தக் கண்ணாடியில்தான் இருக்கிறது, அது பொட்டை உதறித் தள்ளுகிறது. அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால் தூக்கம் வராது. அவள் பம்பு ரூமுக்குப் போனாள். விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயைக் குங்குமத்தில் விட்டு, ஆஞ்சநேயருக்குச் செந்தூரம் குழைப்பது போலக் கெட்டியாகக் குழைத்துக்கொண்டு வந்தாள். வைத்தாள். பொட்டு நின்றது.

தொண்ணூற்றாறு பேனலுக்கும் ஒற்றை ஆளாக வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேண்டுதல், எல்லாம் ஒரே வேண்டுதல். சூப்பர்வைசர் சின்னராஜ் அந்த வரிசைகளுக்கு முன்னால் நின்று சூடம் காட்டினான். பொட்டு வைத்த பேனல்களைப் போட்டோ பிடித்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் வைத்தான். அவனுக்கே அது அவ்வளவு அழகாக இருந்தது.

நான்காம் நாள் மழை பெய்தது. மழை விட்டதும் சுமலதா வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தாள். சி பிளாக்கில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடிக்கொண்டிருந்தது. மழையே கழுவிவிடும் என்று ஜோசப் ராஜ் சொல்லியிருந்தான், அதனால் பொட்டும் போயிருக்கும் என்று நினைத்திருந்தாள். போகவில்லை. தண்ணீர் பொட்டைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அவளுக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது. வீட்டுக்கு வந்து முத்துராஜிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். எண்ணெய் வெயிலில் இளகிக் கீழ்நோக்கி வழிவதும், வழிந்த தடத்தில் கிரஷர் மாவு நாளுக்கு நாள் அப்புவதும் அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை. கிட்டே போகக் கூடாது என்பது உத்தரவு. பூஜை நாளைத் தவிர அதை அவள் மீறவில்லை.

பத்தாம் நாள் காலையில் பெங்களூர்க் கார் வந்தது. ஜோசப் ராஜும் திரும்பியிருந்தான். சி பிளாக்குக்கு எல்லாரையும் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு பேனலிலும் ஒரு பொட்டு, பொட்டிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு வால்.

"இது சங்கிலி மாதிரிங்க்கா" என்று ஜோசப் ராஜ் மெதுவாகச் சொன்னான். "பேனல்ல ஒரே ஒரு கட்டத்து மேல நெழல் வுழுந்தாலும் வரிசை முழுக்க கரண்ட் எறங்கிடும். தொண்ணூத்தாறுலயும் வுழுந்திருக்குது. ஏங்க்கா இப்படி?"

"பூஜைக்கு வெச்சேன் சார்."

பெங்களூர்ப் பெண் கன்னடமும் தமிழும் கலந்து கேட்டாள். "எண்ணெய் யாக்கே போட்டது? ஊர் முழுக்க தண்ணியில பொட்டு வைக்கிறாங்க. இங்க மட்டும் எண்ணெய் ஏன்? தண்ணி ஒட்டாதுன்னு தெரிஞ்சு, எண்ணெய் ஒட்டும்னு தெரிஞ்சு, யோசிச்சு பண்ணியிருக்கீங்க."

அந்தப் பெண் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. சுமலதா யோசித்துத்தான் செய்தாள். ஆனால் மைனா எச்சம் அழுக்கு, கிரஷர் மாவு அழுக்கு, அது தெரியும்; பொட்டும் அழுக்குதான் என்று அவளுக்கு யாரும் எப்போதும் சொன்னதில்லை.

"பொட்டு நிக்கலீங்க மேடம். நிக்காம வுட்டா ஆவாதுன்னு…" என்று தொடங்கினாள். அந்தப் பெண் மானேஜரைப் பார்த்தாள். மானேஜர், வேலை போகப்போகிறவர்கள் வேறு என்ன செய்வார்கள் என்கிற முகத்தோடு அவளைப் பார்த்தார்.

சுமலதா சின்னராஜைப் பார்த்தாள். சூடம் காட்டிய கை பேன்ட் பாக்கெட்டுக்குள் இருந்தது. ஸ்டேட்டஸ் எப்போதோ அழிந்துவிட்டிருந்தது. சின்னக்காவைப் பார்த்தாள். சேறு அள்ளிய கையைப் பிடித்து நிறுத்தியது யார் என்று சின்னக்காவுக்குத் தெரியும். அதைச் சொன்னால் சேறு அள்ளியது யார் என்பதும் வெளியே வரும். சின்னக்கா தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்ற பத்துப் பேரும் ஆளுக்கொரு பேனலைப் பார்த்தார்கள்.

மறுநாள் நோட்டில் அவள் பெயருக்கு நேரே டிக் இல்லை. குறுக்கே ஒரு கோடு இருந்தது. ஜோசப் ராஜ் கேட் வரைக்கும் கூட வந்தான்.

"ரிப்போர்ட்ல 'வேணும்னு பண்ணல'ன்னு ஒரு வரி சேர்த்தேங்க்கா. மானேஜர் அத எடுக்கச் சொல்லிட்டாரு."

"எங்க பத்திரத்துலயும் ஒரு வரி இல்லாமதான் போச்சு சார்" என்றாள் சுமலதா.

அந்தப் பேனல்களை ஏதோ மருந்து போட்டுத் துடைத்து, சோதனையை முதலிலிருந்து தொடங்கினார்கள். இந்த முறை பொட்டு வைக்க யாரும் இல்லை. பூச்சு ஜெயித்தது. நான்கு பேருக்குக் கார்டு வந்தது. காலியான இடத்துக்குச் சின்னக்காவை எடுத்துக்கொண்டார்கள். பாதுகாப்பு பூட்ஸ் போட்டுக்கொண்டு, நீல நாடா கழுத்தில் ஆட, சின்னக்கா சுமலதாவின் வீட்டு வழியாகப் போகாமல் சுற்றுப்பாதையில் வேலைக்குப் போனாள். சுமலதா பாலக்கோடு மண்டியில் தக்காளி தரம் பிரிக்கப் போனாள். பழுத்தது ஒரு கூடை, பாதி பழுத்த காய்வெட்டு ஒரு கூடை, அடிபட்டது ஒரு கூடை. அங்கேயும் கார்டு கிடையாது. ஆனால் தருகிறேன் என்று யாரும் சொல்லவும் இல்லை.

இந்த வருடம் ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்னால் சின்னக்கா நேர்வழியில், வீட்டு வாசலுக்கே வந்தாள். ஒரு வருடத்தில் முதல் தடவை.

"இஞ்சினியர் தம்பி கூப்புடறாருடி. ஒரு நாள் வேலையாம்."

"என்னா வேல?"

சின்னக்கா கழுத்தில் கிடந்த நீல நாடாவை விரலில் முறுக்கினாள். பிறகு சொன்னாள். "பொட்டு வெக்கோணுமாம்."

சுமலதா கதவைச் சாத்திவிட்டாள். இரண்டு நாள் கழித்து அவளே ஜோசப் ராஜுக்குப் போன் செய்து வருகிறேன் என்றாள். ஏன் என்று முத்துராஜ் கேட்டான். "நம்ம காட்டப் பாத்து ஒரு வருசமாச்சு" என்றாள். உள்ளுக்குள் வேறு ஒன்று இருந்தது. கூப்பிட்டிருக்கிறார்கள், தப்பு புரிந்திருக்கும், ஒருவேளை இந்தத் தடவை கார்டு தருவார்கள். ஆசைக்கு வெட்கம் இல்லை. அவளுக்கே தன் மேல் எரிச்சலாக இருந்தது, ஆனாலும் போனாள்.

கேட்டில் வாட்ச்மேன் தலை எண்ணவில்லை. நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, நீல நாடாவில் கோத்த ஒரு கார்டை அவள் கையில் கொடுத்தார். சுமலதா நாடாவின் சுருக்கத்தை நீவிவிட்டாள். கழுத்தில் மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். 'பார்வையாளர்' என்று அச்சடித்திருந்தது. போட்டோ ஒட்டுகிற கட்டம் காலியாக இருந்தது.

சி பிளாக்கில் அந்தப் பெங்களூர்ப் பெண் அவளைக் கண்டதும் கும்பிட்டாள். முகத்தில் ஒரு விகல்பமும் இல்லை. ஜோசப் ராஜ் விளக்கினான்.

"போன வருசம் நடந்ததுலதாங்க்கா பூச்சுல இருக்குற ஓட்டை தெரிஞ்சுது. தண்ணி ஒட்டல, ஆனா எண்ணெய் ஒட்டுது. வண்டிப் புகையிலயும் எண்ணெய்ப் பசை இருக்குதே, நாள்பட்டா அதே கதிதான். அதனால இப்ப வேற ஒரு செடியப் பாத்து மாத்தியிருக்காங்க. பூச்சி தின்னுற குடுவைச் செடி. அதோட உதடு எப்பவும் ஈரமா வழுக்கிக்கிட்டே இருக்கும். எறும்பு கால வெச்சா நிக்கவே முடியாது, உள்ள சறுக்கி வுழுந்துடும். அதே மாதிரி வழவழன்னு பண்ணியிருக்காங்க. எண்ணெயும் நிக்காது."

"உள்ள வுழுந்த எறும்பு என்னா ஆவும் சார்?"

"செடி தின்னுடுங்க்கா" என்று சொன்னவன், சொல்லி முடித்த பிறகுதான் தலையைக் குனிந்தான்.

"உங்களை மாதிரி வேற யாரும் வைக்க முடியல" என்றாள் பெங்களூர்ப் பெண். "அதே எண்ணெய், அதே குங்குமம், அதே கெட்டி. ப்ளீஸ்."

கிண்ணமும் எண்ணெயும் தயாராக இருந்தன. சுமலதா குழைத்தாள். அதே பதம் வரும் வரை குழைத்தாள். வேலையில் பொய் செய்ய அவளுக்குத் தெரியாது. மோதிர விரலால் முதல் பேனலில் வைத்தாள். பொட்டு ஒரு நொடி யோசிப்பது போல் நின்று, பிறகு மெல்ல வழுக்கி, தடம்கூட விடாமல் இறங்கித் தரையில் விழுந்தது. இரண்டாவது. மூன்றாவது. பக்கத்தில் ஒருவன் வீடியோ எடுத்துக்கொண்டே வந்தான். போன வருடம் வேண்டுதலோடு வைத்த அதே தொண்ணூற்றாறு நெற்றிகளுக்கும் இந்த வருடம் கூலிக்கு வைத்தாள். ஒன்றும் நிற்கவில்லை. கடைசிப் பொட்டும் விழுந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். தூரத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த சின்னக்கா தட்டவில்லை.

"ரொம்ப தேங்க்ஸ்ங்க்கா" என்றான் ஜோசப் ராஜ். அவ்வளவுதான். வேறு எதுவும் தருவதற்கு அவன் கையில் இல்லை என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது.

சுமலதா கேட்டுக்கு வந்தாள். அவள் பாட்டுக்கு வெளியே போகப் பார்த்தபோது வாட்ச்மேன் கையை நீட்டினார்.

"கார்டக் குடுத்துட்டுப் போங்கம்மா."

"இது எங்க காடுங்கண்ணா" என்றாள் அவள்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. கார்டு கணக்குல வரோணும்."

கழுத்திலிருந்து கழற்றினாள். மோதிர விரலில் இன்னும் கொஞ்சம் குங்குமம் ஒட்டிக்கொண்டிருந்தது. போட்டோ இருக்க வேண்டிய அந்தக் காலிக் கட்டத்தின் நடுவில் விரலை அழுத்தி ஒரு பொட்டு வைத்தாள். வைத்துவிட்டுக் கார்டை நீட்டினாள்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க" என்று வாட்ச்மேன் சட்டை நுனியால் தேய்த்தார். போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தார். அதற்கும் போகவில்லை. சுமலதா அவர் தேய்ப்பதை ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, பாலக்கோடு பஸ்ஸுக்கு நடந்தாள்.